தீர்ந்த ஆட்டமா, விடைகண்ட ஆட்டமா?

எட்டாவது படிக்கும் அக்கா மகள் ஒரு நாள் கேட்டாள்: "மாமா, செக்கர்ஸ் தீர்ந்துபோச்சாமே, இனிமே யாரும் ஆட மாட்டாங்களா?" சதுரங்கப் பலகை போன்ற பலகையில் வட்டக் காய்களை நகர்த்தி ஆடும் செக்கர்ஸை எங்கோ 'தீர்க்கப்பட்ட ஆட்டம்' என்று படித்திருக்கிறாள். நம் வீடுகளில் அரிசி தீரும், எண்ணெய் தீரும், பேனா மை தீரும். அப்படியே ஆட்டமும் தீர்ந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டாள். அவளிடம் என்ன தவறு? அந்தச் சொல்லை அங்கே வைத்தவர்கள் இன்னும் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

ஆங்கிலத்தில் இதை 'சால்வ்ட் கேம்' என்கிறார்கள். இரண்டு பேரும் எந்த இடத்திலும் பிழை செய்யாமல் ஆடினால் முடிவு என்ன என்பது கணித முறைப்படி நிறுவப்பட்ட ஆட்டம் என்று பொருள். பகடை உருளக் கூடாது, எதுவும் மறைந்திருக்கக் கூடாது. தாயத்தில் பகடை இருக்கிறது, ரம்மியில் எதிராளியின் சீட்டு தெரியாது. அதனால் இரண்டையும் இந்த வகையில் பொதுவாகச் சேர்ப்பதில்லை. பரமபதத்தில் ஆடுபவர் முடிவெடுக்க ஒன்றுமே இல்லை.

'சால்வ்' என்பது 'சோல்வெரே' என்ற லத்தீன் வினையிலிருந்து வந்தது. கட்டியதைத் தளர்த்துவது, அவிழ்ப்பது என்பது அதன் முதல் பொருள். கடனை அடைப்பதற்கும் லத்தீன்காரர்கள் அதே சொல்லைத்தான் சொன்னார்கள். கடன் அடைக்க வசதி உள்ளவரை ஆங்கிலத்தில் இன்றும் 'சால்வென்ட்' என்கிறார்கள். இதைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே மெய்சிலிர்த்தது. தமிழிலும் 'தீர்' என்ற ஒரே வினை கடனையும் தீர்க்கிறது, சிக்கலையும் தீர்க்கிறது. அவிழ்ப்பது, தளர்த்துவது என்ற பொருளுக்கோ நம்மிடம் இன்னொரு வினை இருக்கிறது: விடு. கொடு என்பதிலிருந்து கொடை வந்ததுபோல, விடு என்பதிலிருந்து விடை வந்தது. புதிரை விடுவிக்கிறோம், விடுகதைக்கு விடை சொல்கிறோம். கட்டிவைத்ததை விட்டுவிடுவதுதான் விடை. ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு மொழிகள் ஒரே படிமத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன.

அதனால் என் பரிந்துரை 'விடைகண்ட ஆட்டம்'. 'தீர்த்த ஆட்டம்' என்பதில் இலக்கணப் பிழை எதுவும் கிடையாது. ஆனால் அதைச் சொல்லும்போதெல்லாம் தீர்ந்துபோன எண்ணெய்ச் சட்டி ஒன்று பக்கத்தில் வந்து நிற்கிறது.

சரி, விடை காண்பது எப்படி நடக்கிறது? குவியலில் 21 புளியங்கொட்டை. இருவரும் மாறி மாறி ஒன்றோ இரண்டோ மூன்றோ எடுக்க வேண்டும். கடைசிக் கொட்டையை எடுப்பவருக்கு வெற்றி. இதை முடிவிலிருந்து பின்னோக்கிப் பாருங்கள். எதிராளி முன்னால் 4 கொட்டை மிச்சம் இருந்தால், அவர் எத்தனை எடுத்தாலும் மீதியை நான் அள்ளிவிடுவேன். அப்படியானால் 8 இருந்தாலும் அவருக்கு ஆபத்துதான். 12, 16, 20-ம் அப்படியே. எனவே முதலில் ஆடுபவர் ஒன்றே ஒன்றை எடுத்துவிட்டு 20-ஐ எதிரில் வைத்தால் போதும். அப்புறம் எதிராளி எடுப்பதோடு சேர்ந்து நான்காகும்படி எடுத்துக்கொண்டே போகலாம். விடை வந்துவிட்டது: முதல் ஆளுக்கு வெற்றி. அதை அடையும் வழியும் கையில் இருக்கிறது.

ஜெர்மானியக் கணிதவியலாளர் எர்ன்ஸ்ட் ஜெர்மேலோ 1913-ல் சதுரங்கத்தை எடுத்துக்கொண்டு எழுதிய கட்டுரைதான் இந்தத் துறையின் தொடக்கப் புள்ளிகளில் ஒன்று. இன்று அவர் பெயரால் வழங்கும் தேற்றம் சொல்வது இது: வெள்ளை கட்டாயம் வெல்ல ஒரு வழி இருக்க வேண்டும், அல்லது கறுப்பு கட்டாயம் வெல்ல ஒரு வழி இருக்க வேண்டும், இரண்டும் இல்லையென்றால் இருவராலும் குறைந்தது சமன் செய்ய முடிய வேண்டும். நான்காவது சாத்தியம் இல்லை. சதுரங்கத்தில் மூன்றில் எது உண்மை என்பதை இன்றுவரை யாரும் நிறுவவில்லை. விடை இருக்கிறது என்று தெரிவது ஒன்று, விடை தெரிவது இன்னொன்று.

இந்த வேறுபாட்டை 1994-ல் நெதர்லாந்தின் விக்டர் ஆலிஸ் தன் முனைவர் பட்ட ஆய்வேட்டில் மூன்று படிகளாகப் பிரித்தார். ஆங்கிலத்தில் அவற்றுக்கு 'மிக வலுவற்ற', 'வலுவற்ற', 'வலுவான' என்ற பொருள் வரும் பெயர்கள். அப்படியே தமிழில் போட்டால் செக்கர்ஸுக்கு விடை காண ஆன பதினெட்டு ஆண்டு உழைப்பைப் போய் 'வலுவற்ற தீர்வு' என்று சொல்லவேண்டி வரும். வேண்டாம். மூன்றையும் எது தெரிந்திருக்கிறது என்பதை வைத்துப் பெயரிடுவோம்: முடிவறிந்த ஆட்டம், வழியறிந்த ஆட்டம், முழுதறிந்த ஆட்டம்.

முடிவறிந்த ஆட்டத்துக்கு அழகான எடுத்துக்காட்டு ஹெக்ஸ். டென்மார்க்கின் பியட் ஹெய்ன் 1942-ல் உருவாக்கியது. சில ஆண்டுகள் கழித்து அமெரிக்காவில் ஜான் நாஷ் தனியாக இதைக் கண்டுபிடித்தார். தேன்கூடு போன்ற அறுகோணக் கட்டங்கள். தன் இரண்டு எதிரெதிர்க் கரைகளைக் காய்களால் இணைப்பவருக்கு வெற்றி. இதில் சமன் வரவே வராது. நாஷின் வாதம் இது: இரண்டாவது ஆளிடம் வெற்றி வழி இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் ஆள் எங்கோ ஒரு காயை வைத்துவிட்டு, இனி நான்தான் இரண்டாவது ஆள் என்று பாவித்து அதே வழியில் ஆடலாம். கூடுதலாக இருக்கும் தன் காய் ஹெக்ஸில் ஒருபோதும் தனக்குக் கெடுதல் செய்யாது. அப்போது இருவருமே வென்றாக வேண்டும், அது முடியாத காரியம். ஆகவே முதல் ஆளுக்கே வெற்றி. பக்கங்கள் சமமாக உள்ள எந்த அளவுப் பலகைக்கும் இது பொருந்தும். ஆனால் எங்கே வைத்து எப்படி வெல்வது என்று இந்த நிறுவல் ஒரு வார்த்தைகூடச் சொல்வதில்லை! முடிவு மட்டும் கையில், வழி இல்லை.

வழியறிந்த ஆட்டம் என்றால் அக்கா மகள் கேட்ட செக்கர்ஸ்தான். கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் ஜொனாதன் ஷேஃபரும் அவர் குழுவும் 1989-ல் வேலையைத் தொடங்கினார்கள். அவர்கள் எழுதிய நிரலின் பெயர் சினூக். அது 1992-ல் லண்டனில் செக்கர்ஸ் உலகச் சாம்பியன் மேரியன் டின்ஸ்லியோடு மோதியது. பல பத்தாண்டுகளில் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே தோற்றிருந்த மனிதர் அவர். சினூக்கிடம் 2 ஆட்டம் தோற்று, 4 வென்று, பட்டத்தைக் காப்பாற்றினார். 33 ஆட்டங்கள் சமன். 2007-ல் விடை வந்தது: பிழையின்றி ஆடினால் செக்கர்ஸ் சமன்தான். டின்ஸ்லி அதற்கு 12 ஆண்டுகள் முன்பே காலமாகிவிட்டார். அந்த 33 என்ற எண்ணை இப்போது பார்த்தால் அந்த மனிதர் விடைக்கு எவ்வளவு அருகில் நின்று ஆடியிருக்கிறார் என்று தோன்றுகிறது.

செக்கர்ஸில் வரக்கூடிய நிலைகள் சுமார் 5-க்குப் பின்னால் 20 சுழியங்கள். அத்தனையையும் அவர்கள் தொடவில்லை. பலகையில் 10 அல்லது அதற்குக் குறைவான காய்கள் மிஞ்சும் நிலைகளுக்கு, சுமார் 39 லட்சம் கோடி நிலைகளுக்கு, விடையை முன்பே கணக்கிட்டு வைத்துக்கொண்டு, தொடக்கத்திலிருந்து தேவையான கிளைகளை மட்டும் நகர்த்தி அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். தொடக்கத்திலிருந்து தோற்காமல் ஆட வழி தெரியும். நடுவில் ஏதோ ஒரு விநோத நிலையைக் காட்டிக் கேட்டால் பதில் இருக்கும் என்று உறுதி இல்லை.

எந்த நிலையைக் காட்டினாலும் பதில் இருப்பது முழுதறிந்த ஆட்டம். எக்ஸ்-ஓ இந்த வகை, சமன். மேலிருந்து காய்களைப் போட்டு நான்கை ஒரே வரிசையில் சேர்க்கும் கனெக்ட் ஃபோரும், 7 நெடுவரிசையும் 6 படுக்கைவரிசையும் கொண்டது, இன்று இந்த வகைதான். அதன் விடையை 1988 அக்டோபரில் ஜேம்ஸ் ஆலனும் அதே விக்டர் ஆலிஸும் சில நாள் இடைவெளியில் தனித்தனியே கண்டார்கள். முதல் ஆள் நடு நெடுவரிசையில் தொடங்கினால் வெற்றி, அதன் பக்கத்து நெடுவரிசையில் தொடங்கினால் சமன், அதற்கும் வெளியே போனால் தோல்வி. நம் பல்லாங்குழிக்கு உறவான ஆப்பிரிக்க ஆட்டம் அவாரி. 12 குழி, 48 விதை. 2002-ல் ஆம்ஸ்டர்டாமில் இருவர் அதன் சுமார் 88,906 கோடி நிலைகளையும் கணக்கிட்டு, சமன் என்று காட்டினார்கள்.

'பெர்ஃபெக்ட் பிளே' என்பதற்குப் 'பிழையற்ற ஆட்டம்' போதும். 'மிகச் சிறந்த ஆட்டம்' என்றால் அழகு, துணிச்சல் எல்லாம் உள்ளே வந்துவிடும். இங்கே சொல்வது ஒன்றே: கைக்குள் இருக்கும் முடிவை நழுவ விடாமல் ஆடுவது.

ஆடுபுலி ஆட்டத்துக்கும் விடை கண்டுவிட்டார்கள் என்று சிலர் எழுதுகிறார்கள். அவர்கள் குறிப்பது நேபாளத்தின் பாக்-சால். 25 புள்ளி, 4 புலி, 20 ஆடு. அது சமன் என்று லிம் யூ ஜின், யூர்க் நீவர்கெல்ட் என்ற இரு ஆய்வாளர்கள் கணினி கொண்டு நிறுவினார்கள். நம் கோயில் தரைகளில் செதுக்கியிருக்கும் ஆட்டத்தில் 3 புலி, பெரும்பாலும் 15 ஆடு, கோடுகளும் வேறு. அந்த விடையை எடுத்துவந்து இந்தக் கல்லில் ஒட்ட முடியாது.