அந்தக் கதவைச் சாத்திவிட்டுப் போங்கள்

போன மாதம் மறுபடியும் ஒரு கதவு. புயலின் ஓரத்தில் இரண்டு நாள் கிடந்து திரும்பிய ஒரு போர்க்கப்பலில் சேதம் பார்க்கப் போயிருந்தேன். கீழ்த்தள நடைவழியில் கணுக்கால் உயரத்துக்குத் தண்ணீர் நின்ற தடம் சுவரில் உப்புக் கோடாகத் தெரிந்தது. அங்கே இருந்த தண்ணீர் புகாக் கதவை, அடிக்கடி போய்வர வசதியாக இருக்கட்டும் என்று கொக்கி மாட்டித் திறந்தே வைத்திருக்கிறார்கள். கப்பல் ஒருமுறை பெரிதாகச் சாய்ந்ததும் கொக்கி விட்டுவிட்டது. அத்தனை கனமான எஃகுக் கதவு வீசி அடித்ததில், விழாமல் இருக்கக் கதவின் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்ற 19 வயதுப் பையனின் இரண்டு விரல்கள் நசுங்கின.

கப்பலுக்குள் தண்ணீரும் தீயும் பரவாமல் தடுக்கும் சேதக் கட்டுப்பாட்டுப் பிரிவில் 25 ஆண்டு வேலை பார்த்தவன் நான். இப்போது புதியவர்களுக்கு அதே பாடத்தை நடத்துகிறேன். இதே மாதிரி கதவு, இதே மாதிரி கொக்கி, இதே மாதிரி அறிக்கை எத்தனை எழுதினேன் என்று எனக்கே கணக்கில்லை. அன்று என்னோடு வந்த இளம் அதிகாரி ஆறுதலாகச் சொன்னார்: "இது போர்க்கப்பல் சார், இதைவிடப் பெரிய அடியெல்லாம் தாங்கும்." அந்த ஒரு வரிதான் என்னை இதை எழுத உட்கார வைத்தது.

தாங்காது. போர்க்கப்பல் என்பதற்காகவே எந்தக் கப்பலும் புயலைத் தாங்கிவிடாது. இன்றைய டெஸ்ட்ராயர், ஃப்ரிகேட் வகைக் கப்பல்களின் வெளி ஓடு பல இடங்களில் ஒரு சென்டிமீட்டரை ஒட்டிய தகடுதான். வேகம் வேண்டும் என்பதால் கப்பல் நீளமாகவும் ஒல்லியாகவும் இருக்கிறது. ரேடார், கொடிமரம், பீரங்கி என்று கனமான சாமான் எல்லாம் உயரத்தில் உட்கார்ந்திருக்கிறது. சரக்குக் கப்பலின் வயிற்றில் சரக்கு இருக்கும். போர்க்கப்பலின் அடியில் பெரும் எடை என்று இருப்பதில் முக்கியமானது எரிபொருள். அது ஓட ஓடக் குறைந்துகொண்டே வரும். அடி லேசாகி, தலை அப்படியே கனமாக இருக்கும் ஒன்றை ஒரு தள்ளுத் தள்ளினால் என்ன ஆகும் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1934 மார்ச்சில் ஜப்பானியக் கடற்படையின் தோமோசுரு என்ற புத்தம்புதிய சிறு போர்க்கப்பல் புயலில் கவிழ்ந்தது இப்படித்தான். சின்ன உடம்பில் அளவுக்கு மீறி ஆயுதம் ஏற்றியிருந்தார்கள். அதற்குப் பிறகு அந்தக் கடற்படை தன் மற்ற கப்பல்களின் மேல்பாரத்தையும் குறைக்க வேண்டி வந்தது.

பயிற்சிக்கு வரும் ஒவ்வொரு குழுவிடமும் கேட்பேன்: வெடுக்கென்று நிமிரும் கப்பல் நல்லதா, மெதுவாக ஆடி மெதுவாக நிமிரும் கப்பல் நல்லதா? பாதிப் பேர் மெதுவாக ஆடுவதே நல்லது என்பார்கள், வயிறு புரட்டாதாம். புயலில் நான் பயப்படுவது அதற்குத்தான். காலையில் வெடுக்கென்று நிமிர்ந்த கப்பல் மாலையில் சோம்பலாக ஆடினால், சாய்ந்த இடத்திலேயே ஒரு கணம் நின்று யோசித்துவிட்டு எழுந்தால், அது நிமிரும் பலத்தை இழந்துகொண்டிருக்கிறது என்று பொருள். எங்கோ தண்ணீர் ஏறியிருக்கும், அல்லது அடித்தொட்டிகள் காலியாகியிருக்கும். அந்தச் சோம்பலை உணர்ந்தால் யாரையும் கேட்காமல் கப்பலை ஓட்டும் மேல் அறையான பிரிட்ஜுக்கு உடனே சொல்லுங்கள். தவறான எச்சரிக்கை என்று யாரும் உங்களைத் திட்டமாட்டார்கள். திட்டினால் என்னிடம் அனுப்புங்கள்.

1944 டிசம்பர் 18ஐ எங்கள் தொழிலில் இருப்பவர்கள் மறக்கக் கூடாது. பிலிப்பைன்ஸுக்குக் கிழக்கே, அட்மிரல் ஹால்சியின் அமெரிக்கக் கப்பற்படை ஒரு சூறாவளிக்குள் போய் மாட்டிக்கொண்டது. ஹல், மொனகன், ஸ்பென்ஸ் என்ற மூன்று டெஸ்ட்ராயர்கள் கவிழ்ந்தன. ஏறக்குறைய 790 பேர் இறந்தார்கள். மொனகனில் இருந்து உயிரோடு மீண்டவர்கள் ஆறே பேர். இத்தனைக்கும் அருகில் எதிரிக் கப்பல் ஒன்றுகூட இல்லை.

இதில் ஸ்பென்ஸின் கதையைத்தான் வகுப்பில் நிறுத்தி நிறுத்திச் சொல்வேன். முந்தைய நாள் அது எரிபொருள் நிரப்ப வந்தது. தொட்டிகளில் மிச்சம் கொஞ்சம்தான். எண்ணெய் வாங்கத் தயாராக இருக்க வேண்டும் என்று, பாரத்துக்காக ஏற்றும் கடல்நீரையும் இறைத்திருந்தார்கள். அலை அதிகமாக இருந்ததால் எண்ணெய் ஏற்ற முடியவில்லை. இன்று இல்லாவிட்டால் நாளைக் காலை ஏற்றிக்கொள்ளலாம் என்ற நினைப்பிலேயே இரவு கழிந்தது. மறுநாள் தொட்டிகளில் கடல்நீரை ஏற்றத் தொடங்கியபோது நேரம் கடந்துவிட்டது. கப்பல் பெரிதாகச் சாய்ந்ததும் தண்ணீர் உள்ளே புகுந்தது. மின்சாரம் போனது, சுக்கான் சிக்கிக்கொண்டது, அப்புறம் கவிழ்ந்தது. ஹல், மொனகன் இரண்டுக்கும் ஒரே அச்சில் வார்த்த சகோதரிக் கப்பல் டூயி. அது அன்று 75 டிகிரி வரை சாய்ந்தது. அந்தச் சாய்வில் பக்கச்சுவரே தரையாகிவிடும். அதன் புகைபோக்கிகளில் ஒன்று முறிந்தே போனது. ஆனாலும் எழுந்து வந்தது.

அந்தப் புயலுக்குப் பிறகு, 1945 பிப்ரவரியில், அமெரிக்கப் பசிபிக் கப்பற்படையின் தலைமைத் தளபதி அட்மிரல் நிமிட்ஸ் தன் படைக்கு ஒரு கடிதம் அனுப்பினார். முன்னெச்சரிக்கை எடுத்துவிட்டு அது தேவையில்லாமல் போய்விடுமோ என்று தயங்குவதைவிட ஒரு மாலுமிக்கு ஆபத்தானது வேறில்லை என்பது அதன் சாரம். கதவைத் திறந்து வைப்பவர்களிடம் நான் கேட்பதும் அதைத்தான். சாத்திய கதவு தேவைப்படாமல் போனால் என்ன நஷ்டம்? ஒரு நாளைக்கு இருபது தடவை கதவை இறுக்கும் கிளிப்பைத் திருகித் திறக்க வேண்டும், அவ்வளவுதானே?

உள்ளே வரும் தண்ணீரின் கணக்கைப் பாருங்கள். 10 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம் உள்ள ஒரு மெஸ், அதாவது மாலுமிகள் சாப்பிடும் அறை. அதில் அரை மீட்டர், முழங்கால் அளவுத் தண்ணீர். அது 40 கன மீட்டர், கடல்நீர் என்பதால் 41 டன். எடையைவிட மோசம் அதன் ஓட்டம். அகலமான தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றித் தூக்கிக்கொண்டு நடந்து பாருங்கள், அதே தண்ணீரைச் செம்பில் எடுத்துக்கொண்டும் நடந்து பாருங்கள். தாம்பாளம் கையைப் பிடுங்கும். கப்பல் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே அத்தனை டன்னும் ஓடிவந்து சேரும். நிமிர வேண்டிய நேரத்தில் கீழே பிடித்து இழுக்கும். அறையின் அகலம் கூடக் கூட இது பல மடங்காகும். நடுவில் நீளவாக்கில் ஒரு தடுப்புச்சுவர் போட்டுவிட்டால், இரண்டு பக்கத்தையும் சேர்த்தாலும் பாதிப்பு நாலில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். கப்பலை அறை அறையாகப் பிரித்துக் கட்டியிருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். நீங்கள் கதவைத் திறந்து கொக்கி மாட்டும்போது, வரைந்தவர் கஷ்டப்பட்டுப் போட்ட அந்தச் சுவரையே அழிக்கிறீர்கள்.

கதவு வழியாகக் கேபிளோ குழாயோ இழுத்து வைப்பதும் இதே குற்றம்தான். ஒரு விரல் தடிமன் வயர் போதும், கதவு கதவாக இருக்காது. பல கடற்படைகளில் கதவுகளின் மேல் எக்ஸ், ஒய், இசட் என்று எழுத்து போட்டிருப்பார்கள், எந்த நிலையில் எது மூடியிருக்க வேண்டும் என்பதற்காக. அதன் மேல் பெயின்ட் அடித்து மறைத்துவிட்ட கப்பல்களையும் பார்த்திருக்கிறேன். வேதனையாக இருக்கிறது.

கட்டாமல் விட்ட சாமான் கதவுக்கு அண்ணன். அதே 1944 சூறாவளியில் மான்டரி என்ற விமானந்தாங்கிக் கப்பலில் கட்டறுந்த விமானங்கள் ஒன்றோடொன்று மோதித் தீப்பிடித்தன. பின்னாளில் அமெரிக்க அதிபரான ஜெரால்டு ஃபோர்டு அந்தக் கப்பலில் இளம் அதிகாரியாக இருந்தார். தளத்தில் சறுக்கிக்கொண்டு போய், கடலில் விழாமல் நூலிழையில் தப்பினார். விமானம் இல்லாத கப்பல்தானே என்று இருக்காதீர்கள். கட்டாத ஒரு தீயணைப்பு சிலிண்டர் போதும், முழங்காலை உடைக்க. புயல் எச்சரிக்கை வந்ததும் எல்லாவற்றையும் கட்டுங்கள், கட்டியதை இன்னொருவர் வந்து இழுத்துப் பார்க்கட்டும். கட்டியவரே சோதிக்கக் கூடாது. அவருக்குத் தன் முடிச்சு எப்போதும் நல்ல முடிச்சாகத்தான் தெரியும்.

கப்பலை எப்படி ஓட்டுவது என்பதை இங்கே நீட்டவில்லை. அது கேப்டனின் வேலை, பெரும்பாலும் சரியாகவே செய்கிறார்கள். அலைக்கு முகத்தைச் சற்றே கோணலாகக் கொடுத்து, சுக்கான் பேச்சைக் கேட்கும் அளவுக்கு மட்டும் வேகம் வைப்பார்கள். அலையைப் பக்கவாட்டில் வாங்கமாட்டார்கள். பின்னால் துரத்தி வரும் அலை சுகமாகத் தெரிந்தாலும் அதை நம்பமாட்டார்கள், அது கப்பலைத் திருப்பிக் குறுக்கே போட்டுவிடும். வட அரைக்கோளத்தில் புயல் நகரும் திசைக்கு வலப்பக்கத்தை விட்டு விலகியே இருப்பார்கள். வேகத்தைக் குறைத்தால் கீழே இருப்பவர்கள் "இப்படி ஊர்ந்தால் எப்போது வெளியே போவது?" என்று முணுமுணுக்க வேண்டாம். முன்பக்கத்து அடி வேகத்தின் வர்க்கமாகக் கூடுகிறது. வேகம் பாதியானால் அடி ஏறக்குறைய கால்வாசி.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. புயல் வருகிறது என்றால் துறைமுகத்தில் இருந்த கப்பலைக் கடலுக்கு அனுப்புகிறார்களே, பிள்ளையைக் கொண்டுபோய்ப் புயலில் தள்ளுகிறார்களே என்று பதறாதீர்கள். கரையோடு கட்டிய கப்பல் நகர முடியாது. நீர்மட்டம் உயர்ந்து கயிறு அறுந்தால் கல்மேடையே அதைக் கொன்றுவிடும். கடலில் விலகிப் போக இடம் இருக்கிறது. 2003இல் இசபெல் புயல் வந்தபோது அமெரிக்காவின் நார்ஃபோக்கில் இருந்து ஏறக்குறைய 40 கப்பல்களைக் கடலுக்கு அனுப்பியது இதனால்தான். புயல் வருவதற்கு முன்பே கிளம்பி, அதன் வழியை விட்டு விலகிவிடுவார்கள்.

இனி உள்ளே இருக்கும் தம்பி தங்கைகளுக்கு. வாந்தி வரும், வெட்கப்பட வேண்டாம். பல ஆண்டு கடலில் இருந்தவர்களுக்கும் வரும். ஆனால் வாந்தியை விடத் தண்ணீர் குடிக்காமல் கிடப்பதுதான் ஆளைச் சாய்க்கும். ஒரு மடக்கு, இரண்டு மடக்கு என்று குடித்துக்கொண்டே இருங்கள். மாத்திரை போடுவதாக இருந்தால் ஆட்டம் தொடங்கும் முன்பே போடுங்கள், தலை சுற்றிய பிறகு போட்டால் மாத்திரையும் வெளியே வந்துவிடும். சமையலறையில் எண்ணெய்ச் சட்டி கூடவே கூடாது. ரொட்டியும் பிஸ்கட்டும் இரண்டு நாள் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது. படுக்கையில் பட்டையை மாட்டிக்கொண்டு தூங்குங்கள். தூங்காதவன் கை கிளிப்பைப் பாதி திருகிவிட்டு முழுதும் திருகியதாக நினைத்துக்கொள்ளும். ஒரு கை கப்பலுக்கு, ஒரு கை உனக்கு என்று பழைய மாலுமிகள் சொல்வார்கள். அந்த இரண்டாவது கையில் செல்போனைப் பிடிக்காதீர்கள். அலையைப் படம் எடுக்க மேல்தளத்துக்குப் போகிறவர்களைக் கெஞ்சிக் கேட்கிறேன், போகாதீர்கள். அந்தக் கடலில் விழுந்தவரை எடுக்கக் கப்பலைத் திருப்பினால் கப்பலே பக்கவாட்டில் அலைக்குப் போகும். கேப்டனை அந்த முடிவு எடுக்க வைக்காதீர்கள்.

எல்லாம் சரியாகச் செய்தால் என்ன நடக்கும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. 1945 ஜூன் 5, இன்னொரு சூறாவளி. டெஸ்ட்ராயரைவிடப் பெரிய குரூசர் வகையைச் சேர்ந்த பிட்ஸ்பர்க் என்ற அமெரிக்கப் போர்க்கப்பலின் முன்பக்கம் 104 அடி, அதாவது 30 மீட்டருக்கும் மேல், அப்படியே முறிந்து தனியே மிதந்து போனது. அந்தப் பகுதியில் தூங்க வேண்டியவர்கள் அப்போது அங்கே இல்லை, அவரவர் போர்நிலை இடங்களில் இருந்தார்கள். ஒருவர்கூடச் சாகவில்லை. முறிந்த வாய்க்குப் பின்னால் இருந்த தடுப்புச்சுவரை மரம் கொடுத்து முட்டு நிறுத்தினார்கள். கப்பல் குறைந்த வேகத்தில் ஊர்ந்து குவாம் தீவுக்குப் போய்ச் சேர்ந்தது. மரக்கட்டை, ஆப்பு, சுத்தியல். பயிற்சியில் இந்த மூன்றையும் கையில் கொடுத்தால் "இந்தக் காலத்தில் இதெல்லாமா சார்?" என்று முகம் சுளிப்பவர்கள் பிட்ஸ்பர்க்கின் புகைப்படத்தை ஒருமுறை பாருங்கள்.

பழைய கதை என்று தள்ள வேண்டாம். 2022இல், அதே டிசம்பர் 18ஆம் தேதி இரவு, தாய்லாந்து வளைகுடாவில் சுகோதாய் என்ற போர்க்கப்பல் மூழ்கியது. உள்ளே புகுந்த தண்ணீர் மின்சாரத்தை நிறுத்தியது, மின்சாரம் நின்றதும் பம்புகளும் நின்றன. இருந்தவர்கள் 105 பேர், மீண்டவர்கள் 76. வழக்கத்தைவிடக் கூடுதலாக ஆட்கள் ஏறியிருந்தார்கள், அவர்களுக்கு லைஃப் ஜாக்கெட் போதவில்லை. கப்பலில் ஒரே ஒருவர் கூடுதலாக ஏறினாலும் ஜாக்கெட்டை எண்ணிவிட்டுக் கயிற்றை அவிழுங்கள்.

இன்று இரவு உங்கள் கப்பலில் ஒரு வேலை செய்யுங்கள், பத்து நிமிடம்தான். ஒரு சாக்பீஸ் எடுத்து, கதவு வந்து பொருந்தும் நிலையின் விளிம்பில் சுற்றிலும் பூசுங்கள். கதவைச் சாத்தி எல்லா கிளிப்பையும் இறுக்கித் திறங்கள். கதவின் ரப்பரில் வெள்ளைக் கோடு அறுபடாமல் முழுச் சுற்றாக விழுந்திருக்க வேண்டும். எங்கே கோடு விட்டுப்போயிருக்கிறதோ அங்கேதான் தண்ணீர் வரும். ரப்பரின் மேல் பெயின்ட் பட்டிருந்தால் சுரண்டாதீர்கள், மாற்றிவிடுங்கள்.

அந்தப் பையனின் ஆள்காட்டி விரல் மடங்கத் தொடங்கியிருக்கிறதாம், நடுவிரல் இன்னும் மடங்கவில்லை. அடுத்த மாதம் கப்பலுக்குத் திரும்புகிறான். அதற்குள் அந்தக் கொக்கியைக் கழற்றிவிடச் சொல்லி அறிக்கையில் எழுதியிருக்கிறேன். கழற்றிவிட்டார்களா என்று பார்க்க நானும் போகிறேன்.