யூசர்ப்பர்: தமிழில் எப்படிச் சொல்வது?

பிற்கால ரோம வரலாற்றில் அடிக்கடி தலைகாட்டும் ஆள் ‘யூசர்ப்பர்’ (ஆங்கிலத்தில் usurper). உரிமையில்லாமல் ஆட்சியைப் பிடித்தவர் என்று பொருள். லத்தீன் வினை ‘உசுர்ப்பாரே’தான் மூலம். ‘ஊசுஸ்’ (பயன்பாடு), ‘ராப்பெரே’ (பறித்தல்) என்ற இரண்டும் சேர்ந்து பிறந்தது என்பார்கள். எடுத்தாளுதல் என்ற சாதாரணப் பொருளிலும் ரோமர்கள் இதை வழங்கினார்கள். அதில் வசை ஏதும் இல்லை.

அவர்கள் வசைக்கு வைத்திருந்த சொல் வேறு: ‘திரானுஸ்’. 4ஆம் நூற்றாண்டில் அதற்கு ஏறக்குறைய ‘தோற்றுப்போன பேரரசர்’ என்றே பொருள். ரோமில் 315இல் எழுந்த, பேரரசர் கான்ஸ்டன்டைனின் வெற்றி வளைவு, அவரிடம் தோற்ற மாக்சென்டியுஸைப் பெயர் சொல்லாமல் திரானுஸ் என்று மட்டும் குறிக்கிறது. கான்ஸ்டன்டைனுக்கு மட்டும் என்ன உரிமை? 306இல் யார்க்கில் படைவீரர்கள் கூவி அறிவித்த பேரரசர்தானே அவரும்!

மாக்னுஸ் மாக்சிமுஸ் கதையைப் பாருங்கள். ஸ்பெயின்காரர். 383இல் பிரிட்டனில் படை அவரைப் பேரரசராக அறிவித்தது. கடல் கடந்து ‘கால்’ (Gaul, இன்றைய பிரான்ஸ் பகுதி) நாட்டுக்கு வந்தார். மேற்குப் பேரரசர் கிராசியனின் வீரர்கள் கட்சி மாற, கிராசியன் லியோனில் கொல்லப்பட்டார். அப்புறம் ட்ரியர் நகரிலிருந்து ஆண்ட மாக்சிமுஸை, ரோமப் பேரரசின் கிழக்குப் பகுதியை ஆண்ட பேரரசர் தியோடோசியுஸ் ஏற்றுக்கொண்டார். 386இல் மாக்சிமுஸின் ஆளான எவோடியுஸ், ஆண்டுதோறும் இருவருக்குத் தரப்படும் உயர் பதவியான கான்சல் பதவியில் இருந்ததைக் கிழக்கும் ஒப்புக்கொண்டது. 387இல் இத்தாலிக்குள் புகுந்ததுதான் வினையாயிற்று. மறு ஆண்டு ஆகஸ்டில் வட இத்தாலியின் அக்குயிலேயாவில் அவர் கதை முடிந்தது. அவரைப் புகழ்ந்து மேடையில் பேசியிருந்த செனட்டர் சிம்மாகுஸ், தியோடோசியுஸிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. 389இல் பகாதுஸ் என்ற பேச்சாளர், தியோடோசியுஸ் முன்னிலையிலேயே மாக்சிமுஸைத் திரானுஸ் என்று ஏசினார்.

சரி, தமிழில்? திரானுஸைக் ‘கொடுங்கோலர்’ என்று பெயர்த்தால் தவறாகிவிடும். கொடுங்கோன்மை ஆளும் விதத்தைச் சொல்வது; குறள் அதற்கென ஓர் அதிகாரமே வைத்திருக்கிறது. இங்கே வழக்கு ஆளும் உரிமை பற்றியது. ‘அபகரிப்பாளர்’ நில மோசடிச் செய்தியை நினைவூட்டும். ‘கவர்ந்தவர்’ என்று மொட்டையாக விட்டால் சினிமா நடிகரோ என்று தோன்றும். ‘ஆட்சி பறித்தவர்’ எளிது, பொருளும் நேராக வந்துவிடும். ஆனால் சக பேரரசரே ஏற்றுக்கொண்டிருந்த காலத்து மாக்சிமுஸை அப்படி எழுதினால், வென்றவர் தீர்ப்பை நாமும் வழிமொழிந்ததாகும். வெறுமனே ‘மேற்குப் பேரரசர் மாக்சிமுஸ்’ என்றே அங்கே எழுதலாம்.