காமாலைக்கு கீழாநெல்லி அரைக்கறதுக்கு முன்னாடி

மழை விட்டா கடலூர் பக்கம் வரப்பு, முந்திரித்தோப்பு, ரோட்டோரம்னு எங்க பார்த்தாலும் கீழாநெல்லி மொளைச்சு கிடக்கும், கண்ணு மஞ்சளாகி கிளினிக்குக்கு வர்றவங்களும் அப்பதான் அதிகம். பாதிப் பேரு ஏற்கனவே வேரோட அரைச்சு நெல்லிக்காய் அளவு உருட்டி மோர்ல கலக்கிக் குடிச்சிட்டுதான் வர்றாங்க. நான் சித்த மருத்துவர், கீழாநெல்லி குடுக்கறவன்தான், அதனாலயே இதை எழுதறேன்.

கண்ணு மஞ்சளாக காரணம் பல இருக்கு. மோசமான தண்ணியால வர்ற ஹெபடைடிஸ் ஏ பெரும்பாலும் சில வாரத்துல தானாவே சரியாயிடும், அந்த நேரத்துல எதைக் குடிச்சிருந்தாலும் பேரு அதுக்குத்தான் போகும். ஆனா பித்தக்குழாய்ல கல்லு அடைச்சிருந்தா எத்தனை உருண்டை முழுங்கினாலும் எறங்காது. பண்ருட்டி பக்கத்துல இருந்து வந்த ஒரு அம்மா, உடம்பெல்லாம் அரிப்பு, "மூணு வாரமா உப்பில்லாப் பத்தியம் சார், மஞ்சள் கொறையவே இல்ல"ன்னாங்க. மலம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துப் போகுதுன்னு சொன்னதுமே ஸ்கேனுக்கு அனுப்பிட்டேன், கல்லுதான். சேத்துல எறங்கி நடவு பாக்கறவங்களுக்கு காய்ச்சல், கெண்டைக்கால்ல கடுமையான வலி, கண்ணு மஞ்சள், மூத்திரம் கம்மின்னா எலிக்காய்ச்சலா இருக்கலாம், அதுக்கு ஆன்டிபயாடிக் உடனே வேணும், தள்ளிப்போட்டா கிட்னி வரைக்கும் போயிடும்.

1988ல சென்னைப் பல்கலைக்கழகத்து தியாகராஜன் குழு லான்செட்ங்கற மருத்துவ இதழ்ல போட்ட ஆய்வு வாட்ஸ்அப்ல சுத்துது. ஹெபடைடிஸ் பி கிருமி இருந்தவங்களுக்கு காய்ஞ்ச கீழாநெல்லிப் பொடி 200 மில்லிகிராம், தினம் மூணு வேளை, 30 நாள் குடுத்தாங்க, 37 பேர்ல 22 பேருக்கு ரத்தத்துல கிருமியோட அடையாளம் மறைஞ்சுது. உண்மைதான். ஆனா அப்புறம் வேற இடங்கள்ல செஞ்ச ஆய்வுகள்ல அந்தப் பலன் திரும்பக் கிடைக்கலைங்கறதை யாரும் ஃபார்வர்ட் பண்றதில்ல.

பறிக்கறப்போ குச்சியைத் திருப்பிப் பாருங்க. இலைக்கு அடியில கடுகளவு பச்சைக் காய் சின்னக் காம்போட வரிசையா தொங்கும். தண்டு செவந்து, காய் காம்பில்லாம சொரசொரன்னு ஒட்டிக்கிட்டிருந்தா அது சிவப்புக் கீழாநெல்லி, வேற செடி. களைக்கொல்லி அடிச்ச வரப்புல பறிக்காதீங்க.

கண்ணுல சாறு விடறது, கையில சூடு போடறது, ரெண்டும் வேண்டவே வேண்டாம். கர்ப்பிணிக்கு கண்ணு மஞ்சளானா வீட்டு வைத்தியம்னு ஒரு நாள் கூட ஓட்டாதீங்க, கடலூர் ஜிஎச்சோ புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரியோ, நேரா கெளம்புங்க, ஹெபடைடிஸ் ஈ-யா இருந்தா தாய் உயிருக்கே ஆபத்து. மத்தவங்க முதல்ல ரத்தத்துல பிலிரூபின், எஸ்ஜிபிடி (ரெண்டும் கல்லீரல் நிலைமையைக் காட்டும்), ஹெபடைடிஸ் பி டெஸ்ட் எடுத்துட்டு வாங்க, கீழாநெல்லி குடுக்கலாமா, எவ்வளவு, எத்தனை நாள்னு ரிப்போர்ட்டைப் பார்த்துட்டு சொல்றேன்.