புது சக் வாங்கும் முன் டயல் போட்டுப் பாருங்கள்

வீட்டில் வைத்திருக்கும், கணினி இயக்கும் மரச் செதுக்கு இயந்திரத்தைச் சர்வீஸுக்குக் கொண்டுவருபவர்கள் பெரும்பாலும் மரத்தை வெட்டும் பிட்டைத்தான் குறை சொல்வார்கள். "மட்டமான பிட் சார், ஒரு வேலை முடியறதுக்குள்ள முனை போயிடுது." "வி-பிட்ல (கூம்பு முனை பிட்) எழுத்து வெட்டினா ஓரமெல்லாம் பிசிறு." கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் அதைத் தாண்டி வந்திருப்பார்கள்: "பிட்டைப் பிடிக்கிற சக் இருக்கே, அதையே மாத்திடலாம்னு இருக்கேன், எது நல்லது?"

சக்கின் மேல் சந்தேகப்படுவது நியாயம்தான். ஆனால் மோட்டார் தண்டுக்கும் பிட் நுனிக்கும் நடுவில் நாலைந்து இணைப்புகள் இருக்கின்றன. பிட் மையம் விலகிச் சுற்றும் ஆட்டம் எந்த இணைப்பில் என்று பார்க்காமல் புதிதாக ஒன்றை வாங்கிப் பூட்டிவிட்டு, பழைய ஆட்டத்தோடேயே ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் நிறைய.

சின்ன இயந்திரங்களை எடுத்துக்கொள்வோம். 3018 என்ற சிறு மேசை இயந்திர வகையில் வருவது 775 டிசி மோட்டார், தண்டு 5 மி.மீ. அதன் மேல் ஒரு நீளக் குழாயைச் செருகி, பக்கவாட்டில் கிரப் ஸ்க்ரூ (தலையில்லாத சிறு திருகு) முடுக்கியிருப்பார்கள். குழாயின் மறுமுனையில்தான் ஈஆர்-11 காலெட்டும் (பிட்டைச் சுற்றி இறுக்கிப் பிடிக்கும், பிளவுள்ள உலோகக் குழல்) நட்டும். இந்தக் குழாய்தான் என் கண்ணில் முதல் குற்றவாளி. தண்டின் மேல் நழுவி ஏற வேண்டுமென்றால் குழாயின் துளை கொஞ்சமாவது தளர்வாக இருந்தாக வேண்டும். ஸ்க்ரூவை முடுக்கியதும் அந்தத் தளர்வு முழுவதும் ஒரே பக்கம் ஒதுங்குகிறது. கூடவே குழாய் சற்றுச் சாய்கிறது. தண்டு செருகியிருக்கும் 20 மி.மீ. தூரத்தில் வெறும் 0.02 மி.மீ. சாய்வு இருந்தால், அங்கிருந்து 60 மி.மீ. கீழே இருக்கும் பிட் நுனி 0.06 விலகி நிற்கும். சுற்றும்போது டயல் கேஜில் (ஆட்டத்தை முள்ளால் காட்டும் அளவுகருவி) அது இரட்டிப்பாகி 0.12 என்று காட்டும்.

0.12 மி.மீ. மரத்துக்கு ஒரு பெரிய விஷயமா என்று கேட்பார்கள். பெரிய விஷயம்தான். இரண்டு வெட்டு முனை உள்ள பிட்டை 12,000 ஆர்பிஎம்மில், நிமிடத்துக்கு 1200 மி.மீ. வேகத்தில் ஓட்டுகிறீர்கள் என்று வையுங்கள். ஒரு முனை ஒரு சுற்றில் சீவ வேண்டியது 0.05 மி.மீ. டயலில் வெறும் 0.05 ஆட்டம் இருந்தாலே, அது வெட்டு முனைகளின் திசையில் விழும்போது, ஒரு முனை இரட்டை வேலை பார்க்கும், மற்றது மரத்தைத் தொடாமல் சும்மா சுற்றும். இரட்டைச் சுமை ஏறிய முனை சீக்கிரம் மழுங்கும், மெல்லிய கார்பைடு பிட்டாக இருந்தால் ஒடியும். 'மட்டமான பிட்' என்ற புகாரில் பாதி இங்கிருந்துதான் பிறக்கிறது. அளவும் கெடும்: 0.1 மி.மீ. முனையுள்ள வி-பிட், 0.1 ஆட்டத்தில் 0.2 மி.மீ. அகலக் கோடு போடும். மரத்தில் இன்னொரு மரத்துண்டைப் பதிக்கும் வேலையில் துண்டு பள்ளத்தில் சரியாக உட்காராமல் இடைவெளி விட்டால், வரைபடத்தைத் திரும்பத் திரும்பத் திருத்துவதற்கு முன் இதைச் சந்தேகியுங்கள்.

அளப்பது எளிது. பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள், சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது. 0.01 மி.மீ. காட்டும் டயல் கேஜ், காந்த ஸ்டாண்டு இரண்டும் வேண்டும். அலுமினிய ஃபிரேமில் காந்தம் ஒட்டாது, ஒரு கனமான இரும்புத் தகட்டைப் படுக்கையில் கிளாம்ப் செய்து அதன் மேல் நிறுத்துங்கள். பிட்டின் வெட்டுப் பகுதியில் டயல் முனையை வைக்காதீர்கள். டவல் பின் (அளவு துல்லியமான நேரான எஃகுக் கம்பி) ஒன்றைக் காலெட்டில் பிடித்துக்கொள்ளுங்கள். அது இல்லாவிட்டால் புது பிட்டின் ஷாங்க் (காலெட் பிடிக்கும் வழவழப்பான தண்டுப் பகுதி) போதும். பிறகு மேலிருந்து கீழாக வாருங்கள்: குழாயைக் கழற்றி மோட்டார் தண்டில் ஒரு முறை, குழாயை மாட்டிக் காலெட் உட்காரும் டேப்பரின் (கூம்பு வடிவத் துளை) உட்புறத்தில் ஒரு முறை, பிறகு நட்டுக்குக் கீழே பின்னில், கடைசியாக அதே பின்னில் இன்னும் 20 மி.மீ. தள்ளி. கையால் மெதுவாகச் சுற்றுங்கள். எண் எந்த இடத்தில் எகிறுகிறதோ, கோளாறு அதற்குச் சற்று மேலே இருக்கிறது.

மோட்டார் தண்டிலேயே ஆட்டம் தெரிந்தால், அல்லது விரலால் பக்கவாட்டில் தள்ளும்போது முள் துள்ளினால், பேரிங் போயிருக்கும், அல்லது தண்டு வளைந்திருக்கும். உலகத்தின் எந்தச் சக்கும் அதைச் சரிசெய்யாது. குறை காலெட்டிலா தண்டிலா என்ற சந்தேகத்துக்கு ஒரு சோதனை உண்டு. தண்டில் ஒரு மார்க்கர் புள்ளி, காலெட்டில் ஒரு புள்ளி. உச்ச எண் எங்கே வருகிறது என்று குறித்துக்கொண்டு, காலெட்டை மட்டும் அரைச் சுற்று திருப்பி மாட்டுங்கள். உச்சம் காலெட்டின் புள்ளியோடு நகர்ந்தால் காலெட் குற்றவாளி. தண்டின் புள்ளியிலேயே நின்றால் குழாயோ தண்டோ. நட்டுக்குக் கீழே 0.03-க்குள் இருந்தால் மர வேலைக்கு நான் கைவைக்க மாட்டேன். 0.05-ஐத் தாண்டினால் 3.175 மி.மீ. பிட்டுகளுக்கு ஆபத்து.

காலெட்தான் என்று தெரிந்தால் சந்தோஷப்படுங்கள், செலவு குறைவு. முதலில் சுத்தம். மரப் பிசினும் தூசியும் சூட்டில் உருகி, காலெட்டின் பிளவுகளில் கறுப்பாக இறுகியிருக்கும். தார்பின் எண்ணெயில் ஊறவிட்டு, பித்தளை பிரஷ்ஷால் தேய்த்து, உலரத் துடையுங்கள். டேப்பரையும் துடையுங்கள். உள்ளே எண்ணெய் விடக் கூடாது, பிடி நழுவும். உட்புறத்தில் ஒரு பக்கம் மட்டும் பளபளப்பாகத் தேய்ந்திருந்தாலோ, வாய் மணிபோல் அகண்டிருந்தாலோ, சுத்தம் செய்து பயனில்லை. காலெட் தேய்ந்து போகும் பொருள். மூன்று பிட் வாங்கும் காசை ஒரு நல்ல காலெட்டில் போடுங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

மாட்டும் முறையிலும் பிசகு நடக்கிறது. ஈஆர் காலெட்டை நேராகத் தண்டில் போட்டு அதன் மேல் நட்டை முடுக்குகிறார்கள். அப்படிச் செய்தால் நட்டின் உள்விளிம்பு காலெட்டின் பள்ளத்தில் சேராது. காலெட் கோணலாக உட்காரும், கழற்றும்போது டேப்பரிலேயே சிக்கிக்கொள்ளும். காலெட்டைச் சற்றுச் சாய்த்து நட்டுக்குள் 'டக்' என்று விழவைத்து, பிறகு இரண்டையும் சேர்த்துத் தண்டில் ஏற்றி, அதன் பின்தான் பிட். பிட் இல்லாமல் நட்டை இறுக்கக் கூடாது, காலெட் நசுங்கிவிடும். ஈஆர்-11 காலெட்டின் நீளம் 18 மி.மீ., அதில் குறைந்தது 12 மி.மீ. ஷாங்க் இருக்க வேண்டும். வெட்டுப் பள்ளம் காலெட்டுக்குள் போகக் கூடாது.

அளவு விஷயத்தில் சமரசம் வேண்டாம். 3 மி.மீ.யும் 3.175-ம் ஒன்றல்ல, 6-ம் 6.35-ம் ஒன்றல்ல. டிரிம் ரூட்டரின் (கையால் பிடித்து மரம் சீவும் சிறு இயந்திரம்) 6.35 காலெட்டில் 6 மி.மீ. பிட்டைப் போட்டால் நட் இறுகியதுபோலத் தோன்றும், சுமை விழுந்ததும் பிட் இறங்கத் தொடங்கும். அதிலும் சுருள் பிட் மேல்நோக்கிச் சீவும் வகையாக இருந்தால், அதன் வெட்டுவிசையே பிட்டைக் காலெட்டிலிருந்து வெளியே இழுக்கும். பள்ளம் தொடங்கிய இடத்தைவிட முடிந்த இடம் ஆழமாக இருக்கிறதா? மென்பொருளைச் சோதிக்காதீர்கள், பிட்டின் ஷாங்க்கைப் பாருங்கள். வளையம் வளையமாகப் பழுப்பு நிறக் கோடு தெரிந்தால் பிட் நழுவியிருக்கிறது.

இனி குழாயோ சக்கோதான் மாற வேண்டும் என்ற நிலை. கிரப் ஸ்க்ரூ குழாய்க்குப் பதில், தண்டில் அழுத்தி ஏற்றும் வகை கிடைக்கிறது. ஆட்டம் வெகுவாகக் குறையும். ஆனால் அதைச் சுத்தியலால் அடித்து ஏற்றாதீர்கள், அடி முழுவதும் மோட்டார் பேரிங்கில் போய் இறங்கும். இன்னும் மேலான வழி, தண்டிலேயே டேப்பர் கடைந்த ஸ்பிண்டில் மோட்டார். இணைப்பு ஒன்று குறைந்தால் ஆட்டத்துக்கு ஒரு வாய்ப்பு குறைகிறது.

ஈஆர் வகையைச் சுவிட்சர்லாந்தின் ரெகோ-ஃபிக்ஸ் நிறுவனம் 1970-களின் தொடக்கத்தில் கொண்டுவந்தது. பின்னர் அது டிஐஎன் 6499, ஐஎஸ்ஓ 15488 என்று தரநிலை ஆனது. அதனால் யார் செய்த ஈஆர்-11 காலெட்டும் யார் செய்த ஈஆர்-11 டேப்பரிலும் உட்காரும். நட்டுக்கு அந்த உத்தரவாதம் இல்லை. வழக்கமான ஈஆர்-11 நட்டின் மரை எம்14×0.75, மினி நட் எம்13×0.75. பார்த்து வாங்குங்கள். ஈஆர்-11 பிடிப்பது 7 மி.மீ. வரை, ஈஆர்-16 பிடிப்பது 10 வரை, ஈஆர்-20 பிடிப்பது 13 வரை. 6.35-க்கு மேல் பிட் போடாதவருக்கு ஈஆர்-20 எதற்கு? சின்ன பேரிங்கின் நுனியில் கனத்தைத் தொங்கவிடுவதுதான் மிச்சம்.

இரண்டு வகை சக்கை நான் சிபாரிசு செய்வதில்லை. டிரில் சக், நேராகக் குத்தும் விசைக்காகச் செய்தது. பக்கவாட்டு விசையிலும் அதிர்விலும் அதன் தாடை தளரும், ரூட்டர் வேகத்தில் பிட் பறக்கும். இன்னொன்று பந்தும் ஸ்பிரிங்கும் வைத்த குயிக்-சேஞ்ச். நொடியில் பிட் மாற்றலாம் என்பது உண்மை. ஆனால் நழுவி ஏறி இறங்கும் எதற்கும் இடைவெளி வேண்டும், அந்த இடைவெளியும் ஆட்டம்தான். பொடித்தூசி உள்ளே சேரச் சேர பந்து முழுதாகப் பூட்டாமல் நிற்பதும் உண்டு.

மாற்றிய பிறகு இசட் பூஜ்யத்தை (பிட்டின் உயரத்தை அளக்கத் தொடங்கும் புள்ளி) புதிதாக வையுங்கள். குழாயின் நீளம் மாறியிருக்கும், பழைய பூஜ்யத்தில் ஓட்டினால் பிட் படுக்கைக்குள் இறங்கும். நட் பருத்திருந்தால் கிளாம்பிலும் தூசி உறிஞ்சியின் விளிம்பிலும் இடிக்கிறதா என்று கையால் நகர்த்திப் பாருங்கள். இரண்டு ஸ்பேனர் போட்டு இறுக்குங்கள், மோட்டாரைக் கையால் பிடித்துக்கொண்டு வேண்டாம். முதல் வேலை முடிந்து சூடு ஆறியதும் இன்னொரு முறை டயல் போட்டு, எண்ணை மோட்டாரின் மேலேயே எழுதி வையுங்கள். கழற்றிய பழைய காலெட்டை மட்டும் பெட்டியில் திருப்பிப் போடாதீர்கள். இரண்டும் பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும், அவசரத்தில் கை அதைத்தான் எடுக்கும்.