இரண்டே சுருதியில் ஒரு மொழி

"ஆப்பிரிக்காவில் முரசு அடித்தே ஊர்விட்டு ஊர் செய்தி அனுப்புவார்களாமே, அது மோர்ஸ் குறியீடு மாதிரியா?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார்.

இல்லை. மோர்ஸ் முறை எழுத்துகளைப் புள்ளியாகவும் கோடாகவும் மாற்றுகிறது. எழுத்து இல்லாமல் மோர்ஸ் இல்லை. காங்கோ ஆற்றின் கரையில், கிசங்கனி நகருக்கு அருகில் வாழும் லொகெலே மக்களின் முரசு எழுத்தின் பக்கமே போவதில்லை. அது வாய்ப்பேச்சை எடுத்துக்கொள்கிறது, உயிரையும் மெய்யையும் உரித்துப் போடுகிறது, மிஞ்சும் ஏற்ற இறக்கத்தை மட்டும் அடிக்கிறது. அதைக் கேட்பவர் முழு வாக்கியத்தையும் மீட்டெடுக்கிறார். அந்த மீட்பு எப்படிச் சாத்தியமாகிறது என்பதில்தான் இந்தக் கட்டுரையின் மையம் இருக்கிறது.

அடிப்படையை வேகமாகப் பார்த்துவிடலாம். லொகெலே மக்கள் பேசும் கெலே, தொனி மொழி. ஒவ்வொரு அசையும் மேல்தொனியிலோ கீழ்த்தொனியிலோ வரும். தொனி மாறினால் பொருள் மாறும். 'அலம்பகா போயிலி' என்பதை ஒரு தொனி வரிசையில் சொன்னால் 'ஆற்றங்கரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்', இன்னொரு வரிசையில் சொன்னால் 'மாமியாரை வேகவைத்தான்'. நைஜீரியாவின் யொருபா மொழியில் மேல், நடு, கீழ் என்று மூன்று தொனிகள். 'ஒகொ' என்ற ஒரே ஒலிக்கோவை நடு-நடு என வந்தால் கணவன், நடு-மேல் என வந்தால் மண்வெட்டி, நடு-கீழ் என வந்தால் வண்டி, கீழ்-கீழ் என வந்தால் ஈட்டி. தொனி இங்கே உணர்ச்சிக்காகச் சேர்க்கும் நெளிவு அல்ல. நமக்கு 'பல்' என்பதற்கும் 'பால்' என்பதற்கும் உள்ள வேறுபாடு எவ்வளவு உறுதியோ, அவ்வளவு உறுதி.

லொகெலே முரசில் தோலே கிடையாது. ஒரு மரக்கட்டையின் மேல்புறத்தில் நீளவாக்கில் ஒரு பிளவு, அந்தப் பிளவின் வழியாகவே உள்ளே குடைந்த வெற்றிடம், இரு முனைகளும் மூடியபடி. அவ்வளவுதான் கருவி. இதற்குப் பெயர்போன மரம் படாக் என்னும் சிவப்பு நிற மரம். நம்மூர் வேங்கைக்கும் செஞ்சந்தனத்துக்கும் அதே பேரினத்து உறவு. பிளவின் இரு விளிம்புகளும் இரண்டு உதடுகள். ஓர் உதட்டின் அடியில் கூடுதலாகக் குடைந்தால் அது மெலிந்து விறைப்புக் குறையும், சுருதி இறங்கும். தடித்த உதடு உயர்ந்த சுருதி தரும். நுனியில் ரப்பர் சுற்றிய இரண்டு குச்சிகளால் உதடுகளை மாற்றி மாற்றி அடிக்க வேண்டியதுதான். செய்பவருக்குச் சிக்கல் குடைவதில் இருக்கிறது. குறுகலான பிளவுக்குள் நீண்ட உளியை விட்டு, கண்ணுக்குத் தெரியாத இடத்தைச் செதுக்கி, அடிக்கடி தட்டிக் கேட்டு, இரண்டு சுருதிகளும் தூரத்தில் குழம்பாத அளவு பிரியும்போது நிறுத்த வேண்டும். கூடுதலாகச் செதுக்கியதைத் திரும்ப ஒட்ட முடியாது. ஈரக்கட்டையை வெயிலில் சட்டென்று உலரவிட்டால் வெடிக்கும், வெடித்த உதடு ஒலியை விழுங்கிவிடும். ஆனால் மழைக்காட்டின் ஈரக்காற்றில் தோல்முரசு தொய்ந்துபோகும் நாளிலும் இந்தக் கட்டை முரசு அதே சுருதியில் ஒலிக்கும்.

சரி, இரண்டு சுருதி கையில் இருக்கிறது. பேசிவிடலாமா? இங்கேதான் ஒரு பெரிய சுவர் நிற்கிறது.

கெலேயில் நிலா 'சொங்கே', கோழி 'கொகொ'. இரண்டுக்கும் தொனி மேல்-மேல். உயிரும் மெய்யும் போய்விட்டால் நிலாவும் கோழியும் ஒன்றே. இரண்டு அசைச் சொற்களுக்கு மொத்தமே நான்கு அச்சுகள்தான்: மேல்-மேல், மேல்-கீழ், கீழ்-மேல், கீழ்-கீழ். கணக்குக்காக ஒரு மொழியில் 2000 ஈரசைப் பெயர்ச்சொற்கள் இருப்பதாகக் கொண்டால், ஓர் அச்சுக்குச் சராசரியாக 500 சொற்கள் வந்து மோதும்.

முரசறைபவர் நிலாவை 'சொங்கே' என்று அடிப்பதில்லை. 'சொங்கே லி தங்கே லா மங்கா' என்று அடிக்கிறார்: மண்ணை நோக்கிக் குனியும் நிலா. கோழி 'கொகொ ஒலொங்கோ லா பொகியோகியோ': கியோகியோ என்னும் சிறு கோழி. பிணம் என்றால், மண்கட்டிகள் மேல் மல்லாந்து கிடப்பது. அஞ்சாதே என்று சொல்ல வேண்டுமா? வாய்க்கு வந்துவிட்ட நெஞ்சைக் கீழே இறக்கு, வாயிலிருந்து நெஞ்சை இறக்கு, அங்கிருந்து இறக்கு. வீடு திரும்பு என்பதற்கு, கால்களைப் போன வழியே திருப்பு, பாதங்களைப் போன வழியே திருப்பு, நமக்குச் சொந்தமான ஊரில் காலும் பாதமும் ஊன்று.

19 ஆம் நூற்றாண்டு ஐரோப்பியப் பயணிகள் முரசுச் செய்தி வேகமாகப் போவதைக் கண்டு வியந்தார்கள், ஆனால் அதன் உள்ளே என்ன நடக்கிறது என்று பிடிபடவில்லை. 1938 இல் காங்கோவுக்கு வந்த ஜான் கேரிங்டன் என்ற ஆங்கிலேயப் பாதிரியார்தான் கெலே மொழியைக் கற்று, முரசையும் அடிக்கக் கற்று, இந்த நீட்டலின் காரணத்தைப் புரிந்துகொண்டார். ஒரு வாய்ச்சொல்லுக்கு ஏறக்குறைய எட்டு முரசுச் சொற்கள் செலவாகின்றன என்று கணக்கிட்டார். இது கவிஞரின் அலங்காரம் அல்ல. ஒவ்வொரு அடைமொழியும் வேலை செய்கிறது.

என்ன வேலை? 'நீளமாகச் சொன்னால் குழப்பம் குறையும்' என்று பலர் இதை ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அது பாதி உண்மை. எட்டு அசைக்கு 256 தொனி அச்சுகள் உண்டு, பத்து அசைக்கு 1024. உண்மைதான். ஆனால் எட்டு அசையில் ஒருவர் பேசக்கூடிய வாக்கியங்களின் எண்ணிக்கை 256 ஐவிடப் பன்மடங்கு வேகமாகப் பெருகுகிறது, ஏனென்றால் ஒவ்வோர் அசையிலும் உயிரும் மெய்யும் புதிது புதிதாக மாறலாம். விருப்பப்படி நீளமாகப் பேசினால் குழப்பம் கூடத்தான் செய்யும்!

சாவி வேறிடத்தில் இருக்கிறது. முரசறைபவர் விருப்பப்படி பேசுவதில்லை. நிலாவுக்கு ஒரே ஒரு அடைமொழி வால்தான், அது ஊருக்கே தெரிந்த வால். இன்று 'மண்ணை நோக்கிக் குனியும் நிலா', நாளை 'வெள்ளித் தட்டு நிலா' என்று மாற்ற அவருக்கு உரிமை இல்லை. எட்டு அசையில் சொல்லக்கூடிய எண்ணற்ற வாக்கியங்களில், முரசுக்கென்று வழக்கில் உள்ளவை ஒரு கைப்பிடி. அந்தக் கைப்பிடித் தொடர்களை 256 அறைகளில் போட்டால் பெரும்பாலும் ஆளுக்கோர் அறை கிடைத்துவிடும். நீளம் அறைகளைப் பெருக்குகிறது, மரபு குடியிருப்பவர்களைக் கட்டுப்படுத்துகிறது. இரண்டும் சேர்ந்தால்தான் முரசு பேசும்.

இதற்குள் இன்னோர் அழகு ஒளிந்திருக்கிறது. அறைகள் ஏராளம், குடியிருப்பவர்கள் சிலர் என்றால், சுற்றிலும் காலி அறைகள் இருக்கும் அல்லவா? நடுவில் ஓர் அடி காற்றில் தொலைந்துவிட்டது, அல்லது மேல்தொனி கீழ்த்தொனியாகக் காதில் விழுந்தது என்று வையுங்கள். கேட்டது பெரும்பாலும் ஒரு காலி அறையில் போய் விழும். 'இப்படி ஒரு தொடரே கிடையாதே' என்று கேட்பவருக்கு உடனே தெரிந்துவிடும். பக்கத்து அறையில் யார் என்று பார்த்தால் சரியான தொடர் அகப்படும். ஆதார் எண்ணின் கடைசி இலக்கம் இதே கொள்கையில்தான் நிற்கிறது. மற்ற 11 இலக்கங்களிலிருந்து அது கணக்கிடப்படுவதால், ஓர் இலக்கம் தவறினால் எண் செல்லாததாகிவிடும். கடைகளில் ஒட்டியிருக்கும் க்யூஆர் சதுரத்தின் ஒரு சிறு பகுதி அழுக்கானாலும் கைபேசி அதைப் படித்துவிடுவதற்கும் காரணம், வேண்டியதைவிடக் கூடுதலாகச் சொல்லி வைத்திருப்பதுதான். இரைச்சல் நிறைந்த வழியில் பிழையின்றிச் செய்தி அனுப்பக் கூடுதல் குறிகளைக் கலக்க வேண்டும் என்பதை அமெரிக்கக் கணித அறிஞர் கிளாட் ஷானன் 1948 இல் கணிதமாக எழுதினார். லொகெலே முரசறைபவர்கள் அதைக் காதால் அறிந்து, தலைமுறைகளாகச் செதுக்கி வைத்திருந்தார்கள். இதைப் பழங்குடிப் பழக்கம் என்று ஒதுக்கிவிடுவதை என்னால் ஏற்க முடியாது. இது செய்தித் தொழில்நுட்பம், முழுப் பொருளில்.

பாதுகாப்பு அதோடு முடியவில்லை. செய்திக்கு முன் கவனத்தை இழுக்கும் ஓர் அழைப்பு ஒலி. பிறகு யாருக்கு என்பது. ஒவ்வொருவருக்கும் முரசுப் பெயர் உண்டு, தன் பெயரோடு தந்தையின் முரசுப் பெயரும் சேர்ந்து அதுவும் நீளமாகவே இருக்கும். அதன்பின் செய்தி, திரும்பத் திரும்ப.

ஒரு பெரிய முரசின் ஒலி ஏறத்தாழ 10 கிலோமீட்டர் வரை போகும், அதுவும் இரவிலும் விடியலிலும். பகலில் தரையை ஒட்டிய காற்று சூடாகி ஒலியை வானத்தை நோக்கி வளைத்துவிடுகிறது. இரவில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து, மேலே காற்று சற்றே வெதுவெதுப்பாக இருப்பதால் ஒலி கீழ்நோக்கி வளைந்து ஆற்றின் மேலேயே தவழ்கிறது. 10 கிலோமீட்டரைக் கடக்க ஒலிக்கு ஏறக்குறைய 30 வினாடி. அங்கிருக்கும் முரசு அதைக் கேட்டு அடுத்த ஊருக்குத் தள்ளும். வாஷிங்டனிலிருந்து பால்டிமோருக்கு மோர்ஸின் தந்தி போனது 1844 இல். காம்பியா ஆற்றுப் பகுதியில் முரசால் தொலைவுக்குச் செய்தி போவதை ஆங்கிலேயப் பயணி பிரான்சிஸ் மூர் 1730களிலேயே கண்டு எழுதிவிட்டார். அமெரிக்காவின் தென் கரோலினாவில் 1739 இல் ஆப்பிரிக்க அடிமைகள் கிளர்ந்தெழுந்ததைத் தொடர்ந்து, 1740 இல் வந்த சட்டம் அவர்கள் முரசும் கொம்பும் வைத்திருப்பதைத் தடை செய்தது. முரசின் ஆற்றலை எஜமானர்கள் நன்றாகவே உணர்ந்திருந்தார்கள்.

யொருபா மக்களின் டுன்டுன் வேறு வகை. இடை சிறுத்த மரக்கூடு, இரு பக்கமும் மெல்லிய ஆட்டுத்தோல், இரு தோல்களையும் இணைத்து நீளவாக்கில் ஓடும் தோல்வார்கள். நம் உடுக்கையின் அமைப்பேதான், அளவு மட்டும் பெரிது. தோளில் மாட்டி, இடக்கையால் வார்களை அமுக்கி, வலக்கையில் வளைந்த குச்சியால் ஒரு பக்கத்தை மட்டும் அடிப்பார்கள். குழுவில் பேசும் முதன்மை முரசுக்கு இயாலு, அதாவது தாய்முரசு என்று பெயர். தோலைச் சுற்றிச் சிறு மணிகள் தொங்கும்.

இடை ஏன் சிறுத்திருக்கிறது? வார் மரத்தைத் தொடாமல் வெட்டவெளியில் நீண்டு கிடக்க வேண்டும் என்பதற்காக. துணி காயப்போடும் கொடிக்கயிற்றின் நடுவில் ஓர் ஈரப் போர்வையைப் போட்டால் இரு கம்பங்களும் எப்படி உள்ளே இழுக்கப்படுகின்றன! இறுகிய கயிற்றைப் பக்கவாட்டில் சிறிது தள்ளினாலே இரு முனைகளிலும் பெரிய இழுவிசை பிறக்கும். விசையைப் பெருக்கும் இந்த வசதி தேவைப்படுகிறது, ஏனென்றால் தோலின் அதிர்வெண் இழுவிசையின் வர்க்கமூலத்தைப் பின்பற்றுகிறது. சுருதியை இரண்டு மடங்காக்க இழுவிசையை நான்கு மடங்காக்க வேண்டும். உருளை வடிவ முரசில் வார்கள் மரத்தோடு ஒட்டிக்கிடக்கும், அமுக்க இடமே இருக்காது.

கட்டை முரசால் முடியாத ஒன்று இதற்கு முடியும். யொருபா பேச்சில் கீழ்த்தொனிக்குப் பின் வரும் மேல்தொனி நேராக உயரத்தில் தொடங்காது, கீழிருந்து ஏறும். மேல்தொனிக்குப் பின் வரும் கீழ்த்தொனி மேலிருந்து சரியும். இயாலு வாசிப்பவர் அடித்த பிறகு, ஒலி அடங்குவதற்குள் வார்களை அமுக்கியோ தளர்த்தியோ அந்தச் சரிவையும் வரைந்துவிடுகிறார். ஆய்வாளர் செசிலியா துரோஜாயே குழுவினர் 2021 இல் மனிதப் பேச்சையும் அதன் டுன்டுன் வாசிப்பையும் அருகருகே அளந்து பார்த்தபோது, சுருதி மட்டுமல்லாமல் நேர அளவும் ஒலி வலிமையும் பேச்சைப் பின்தொடர்வது தெரிந்தது.

கானாவின் அசாந்தே மக்கள் இதற்கு இரண்டு தனி முரசுகளை வைத்துக்கொள்கிறார்கள். அதும்பன் என்ற இந்த ஜோடியில் ஒன்று உயர்ந்த சுருதி, மற்றது தாழ்ந்தது. 'கானா முன்டியே', அதாவது 'கானாவே, கேள்' என்று அதும்பன் சொல்வதைத்தான் அந்நாட்டு ஒலிபரப்புக் கழகம் தன் அடையாள ஒலியாக வைத்திருந்தது. புர்க்கினா பாசோவின் சம்ப்லா மக்கள் பாலஃபோன் என்ற மரக்கட்டை இசைக்கருவியால் பேசுகிறார்கள். முரசில் ஆவி புகுந்து பேசுகிறது, காட்டுவாசிகளுக்கு மனத்தொடர்பு சக்தி உண்டு என்பது போன்ற கதைகள் இன்றும் பரவுகின்றன. அவை அந்த மக்களின் அறிவை அவர்களிடமிருந்து பறித்து மாயத்துக்குக் கொடுத்துவிடுகின்றன. இந்த அறிவைப் பதிவு செய்யப் பெரிய கருவிகள் வேண்டாம். நல்ல ஒலிவாங்கியும், அந்த மொழியைக் கற்ற ஆளும், நீண்ட காலமும் வேண்டும். இரண்டு மூன்று ஆண்டு மானியத்தில் ஒரு தொனி மொழியைக் கற்று அதன் முரசுத் தொடர்களைத் தொகுத்துவிட முடியாது. ஆய்வுக்குப் பணம் ஒதுக்குபவர்கள் இந்தக் கால அளவை ஏற்றுக்கொள்ள வேண்டும்.

வாசகரின் கேள்விக்கு ஒரு பின்குறிப்பும் இருந்தது: தமிழில் பறையால் இப்படிப் பேச முடியுமா? 'பறை' என்ற சொல்லுக்கே சொல்லுதல் என்றும் பொருள் உண்டு. ஆனால் நம் பறை கூட்டத்தைக் கூட்டியது, செய்தியை வாய்தான் சொன்னது. சாவுக்கு ஓர் அடி, திருவிழாவுக்கு ஓர் அடி என்பது சைகை, வாக்கியம் அல்ல. தமிழில் சொல்லைப் பிரிப்பது தொனி இல்லை. உயிரையும் மெய்யையும் உரித்துவிட்டால் குறில் நெடில் அளவு மட்டும் மிஞ்சும். 'படி'யும் 'பாடி'யும் பிரியும், 'படி'யும் 'கடி'யும் 'மடி'யும் ஒன்றாகிவிடும்.

இயாலு தனியாக ஒலிக்கும் பதிவு கிடைத்தால் மணிச்சத்தத்தைத் தள்ளிவிட்டு அடிகளுக்கு இடையே கேளுங்கள். குச்சி விழுந்த பிறகு, அடுத்த அடி வருவதற்குள், சுருதி மெல்ல வழுக்கி இறங்கும் ஓர் இடம் வரும். அது மேல்தொனிக்கு அடுத்து வந்த ஒரு கீழ்த்தொனி அசை.