மூச்சு கூடவில்லை, மைலேஜ் கூடியது

2003 ஏப்ரல் 13 அன்று லண்டன் மாரத்தானில் பிரிட்டனின் பவுலா ராட்கிளிஃப் 42.195 கிலோமீட்டரை 2 மணி 15 நிமிடம் 25 விநாடியில் ஓடினார். ஆறு மாதம் முன்பு சிகாகோவில் அவரே வைத்திருந்த உலக சாதனை 2:17:18. புதிய நேரத்தை முறியடிக்க 2019-இல் கென்யாவின் பிரிஜிட் கோஸ்கேய் வரவேண்டியிருந்தது.

ராட்கிளிஃபைப் பதின்ம வயதிலிருந்தே ஆய்வுக்கூடத்தில் சோதித்துவந்தவர் ஆண்ட்ரூ ஜோன்ஸ் என்ற உடலியல் ஆய்வாளர். 2006-இல் அவர் வெளியிட்ட அளவுகளில் ஒரு புதிர் இருக்கிறது. ஒருவரின் உடல் அதிகபட்சமாக எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியும் என்பதைக் காட்டும் எண் வி.ஓ.2 மேக்ஸ். ராட்கிளிஃபுக்கு அது நிமிடத்துக்கு, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும், சுமார் 70 மில்லிலிட்டர். மிக உயர்ந்த அளவுதான். ஆனால் பள்ளி வயதிலும் ஏறக்குறைய அதே 70, உலக சாதனை ஆண்டிலும் அதே 70. பத்துப் பன்னிரண்டு வருடப் பயிற்சியில் இன்ஜின் பெரிதாகவில்லை.

அப்படியென்றால் எது மாறியது? புது வண்டி வாங்குகிறவரிடம் நம் ஊரில் முதலில் கேட்கும் கேள்வியே விடை: லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கிறது? 1992-இல் ஒரு கிலோமீட்டர் ஓட, கிலோ எடைக்கு 205 மில்லிலிட்டர் ஆக்சிஜன் அவருக்குத் தேவைப்பட்டது. 2003-இல் 175 போதும். லண்டனில் அவருடைய சராசரி வேகம் மணிக்குச் சுமார் 18.7 கிலோமீட்டர். கணக்குப் போட்டுப் பார்த்தால், அந்த வேகம் 2003-இன் உடலுக்கு உச்சத் திறனில் 78 சதவீதம். 1992-இன் உடலுக்கு 91 சதவீதம். 91 சதவீதத்தில் 10 கிலோமீட்டர் பந்தயம் ஓடிவிடலாம். மாரத்தான் முடியாது.

இந்தச் சிக்கனம் எப்படி வந்தது என்பதற்கு ஒற்றைக் காரணம் கிடையாது. வாரத்துக்கு 200 கிலோமீட்டர் அளவில் பல வருடம் ஓடியது ஒன்று. நின்ற இடத்திலிருந்து எம்பிக் குதிக்கும் உயரம் 29 செ.மீ.யிலிருந்து 38 செ.மீ. ஆனதையும் ஜோன்ஸ் பதிவு செய்திருக்கிறார். தசைநார் விறைப்பாக இருந்தால், தரையில் கால் படும்போது ஸ்பிரிங் போல ஆற்றலைத் தேக்கித் திருப்பித் தரும். அதற்குத் தனியாக ஆக்சிஜன் செலவில்லை.

பயிற்சியைப் பார்த்துப் பந்தயத்தைக் கணிப்பதன் சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. எவ்வளவு வேகமாக ஓடினார் என்பது பாதிச் செய்தி. என்ன விலை கொடுத்து ஓடினார் என்பது மீதி. இதை அறிய ட்ரெட்மில்லை ஒரு சதவீதம் சாய்த்து வைத்து (எதிர்க்காற்று இல்லாத குறையை ஈடுகட்ட; அந்த ஒரு சதவீதக் கணக்கும் ஜோன்ஸ் பங்களித்ததுதான்) சில நிமிடத்துக்கு ஒருமுறை வேகத்தைக் கூட்டுவார்கள். ஒவ்வொரு படியிலும் விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, தசைகள் உழைக்கும்போது உருவாகும் லாக்டேட் என்ற பொருளை அளப்பார்கள். லாக்டேட்டை நஞ்சு என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். உண்மையில் இதயமும் தசைகளும் அதை எரிபொருளாக எரிக்கின்றன. ரத்தத்தில் தெரிவது வரவுக்கும் செலவுக்கும் உள்ள வித்தியாசம். வரவு மிஞ்சத் தொடங்கும் வேகம்தான் லாக்டேட் வாசல். ராட்கிளிஃபுக்கு அது மணிக்கு 14–15 கிலோமீட்டரிலிருந்து 17.5–18.5 வரை நகர்ந்தது. அவர் மாரத்தான் ஓடிய வேகம் அந்த வாசலை ஒட்டியே இருந்ததைக் கவனியுங்கள்.

ஆகவே கோச் தேடுவது பறக்கிற ஒரு நாளை அல்ல. போன மாதம் ஓடிய அதே டெம்போ ஓட்டம் (கடினமான வேகத்தில் சீராக, நிற்காமல் ஓடுவது), அதே வேகம், ஆனால் இதயத்துடிப்பு குறைவு, பேச மூச்சு மிச்சம் இருக்கிறது என்றால் அதுதான் நல்ல சகுனம். கடும் பயிற்சி வாரத்தில் நேரம் மோசமாக வந்தாலும் பதற வேண்டியதில்லை. களைப்பு திறனை மூடி மறைத்திருக்கும். கடைசி இரண்டு மூன்று வாரம் தூரத்தைக் குறைத்தால் வெளியே வரும்.

800 மீட்டரைப் பத்து முறை ஓடி, ஒவ்வொரு முறைக்கும் ஆன நிமிடக் கணக்கையே மாரத்தானின் மணிக் கணக்காகக் கொள்ளும் வழக்கம் ஒன்று ஓட்டக்காரர்களிடையே உண்டு. எனக்கு அதில் நம்பிக்கையில்லை. 54 கிலோ எடையுள்ள ஒருவர் மாரத்தான் ஓட, கிலோமீட்டருக்குக் கிலோவுக்கு ஒரு கிலோகலோரி வீதம், சுமார் 2,280 கிலோகலோரி செலவாகும். உடலில் சேமித்த மாவுச்சத்து ஏறக்குறைய 2,000 கிலோகலோரிதான். கொஞ்சம் கொழுப்பும் எரியும், வழியில் குடிப்பதும் சேரும் என்றாலும், முப்பது கிலோமீட்டருக்கு அப்பால் என்ன நடக்கும் என்பதை ஓய்வெடுத்து ஓய்வெடுத்து ஓடும் 800 மீட்டர்கள் சொல்லாது.

பெண்களின் பயிற்சிக் குறிப்பேட்டில் இன்னொரு பத்தியும் வேண்டும்: மாதவிடாய். சிகாகோ சாதனையன்று ராட்கிளிஃபுக்கு மாதவிடாய் தொடங்கியிருந்தது, கடைசிக் கட்டத்தில் வயிற்று வலியோடுதான் ஓடினார். வருவதைவிடக் கவலைக்குரியது வராமல் போவது. செலவுக்கேற்பச் சாப்பிடாத உடல், செலவைக் குறைக்க முதலில் நிறுத்துபவற்றில் அதுவும் ஒன்று. எடை குறைந்ததால் அந்தச் சில மாதங்களில் நேரங்கள் அருமையாகக்கூட வரலாம். உள்ளே ஈஸ்ட்ரோஜன் குறைந்து எலும்பு பலமிழந்துகொண்டிருக்கும். ஸ்டாப்வாட்சுக்கு அது தெரியாது.

2004 ஆகஸ்ட் 22, ஏதென்ஸ் ஒலிம்பிக். உலக சாதனை கையில், எல்லோரும் தங்கம் அவருக்கே என்றார்கள். மாலை ஆறு மணிக்கும் 35 டிகிரி வெயில். பந்தயத்துக்குச் சுமார் இரண்டு வாரம் முன்பு காலில் காயம். அதற்கு எடுத்த, வீக்கத்தைக் குறைக்கும் மருந்து வயிற்றைக் கெடுத்தது, சாப்பிட்டது உடலில் சேரவில்லை. 36 கிலோமீட்டர் தாண்டியதும் ராட்கிளிஃப் நின்றார், சாலையோரம் உட்கார்ந்து அழுதார். வென்ற ஜப்பானின் மிசுகி நோகுச்சியின் நேரம் 2:26:20. எழுபத்தேழு நாள் கழித்து நியூயார்க்கில் ராட்கிளிஃப் 2:23:10-இல் வென்றார். அதே இன்ஜின்தான், அதே மைலேஜ்தான். ஏதென்ஸில் டேங்க் காலி.