பூண்டு வயலோரம் ஒரு வெளிக்குளியல்

ஜனவரிக் காலை. கொடைக்கானலைத் தாண்டி பூம்பாறையில், ஒரு பூண்டு வயலோரம் எங்கள் சின்ன கேம்பர் டிரெய்லர் (காருக்குப் பின்னால் இழுத்துப் போகும் தங்கும் வண்டி) நிற்கிறது. அதன் பக்கவாட்டில் இரண்டு மீட்டர் உயரத்தில் புதிதாக ஒரு ஷவர் மாட்டியிருந்தேன். விளாவிய வெந்நீர் ஒரு வாளி, அதற்குள் முங்கிக் கிடக்கும் 12 வோல்ட் குட்டி பம்பு, அதிலிருந்து ஷவருக்கு ஒரு டியூப். அவ்வளவுதான் ஏற்பாடு. வாளிக்குள் கை வைத்தால் இதமான சூடு. ஆனால் ஷவருக்கு அடியில் நின்றால் தோளில் வெதுவெதுப்பு, முழங்காலில் சில்லிப்பு. துண்டைப் போர்த்திக்கொண்டு நடுங்கி வந்த என்னைப் பார்த்து வயல்காரப் பாட்டி சொன்னார்: "ஏம்ப்பா இந்தப் பாடு? சொம்புல மொண்டு ஊத்திக்க, சூடு நிக்கும்."

பாட்டி சொன்னது அசல் இயற்பியல். சொம்புத் தண்ணீர் ஒரே பட்டையாக விழுகிறது. காற்று படும் பரப்பு குறைவு. ஷவர் அதே தண்ணீரை ஆயிரக்கணக்கான துளிகளாக உடைக்கிறது. துளியின் விட்டம் பாதியானால், அதே அளவு தண்ணீரின் மொத்தப் பரப்பு இரண்டு மடங்காகும். பரப்பு கூடக் கூட, ஆவியாவதும் கூடும். ஒரு கிராம் தண்ணீர் ஆவியாகச் சுமார் 2,400 ஜூல் வெப்பம் வேண்டும். அதைக் கூட இருக்கும் தண்ணீரிடமிருந்துதான் பிடுங்கிக்கொள்கிறது. அதனால் நூற்றில் ஒரு பங்கு ஆவியாகிப் போனாலே மிச்சத் தண்ணீர் 5 டிகிரிக்கு மேல் ஆறிவிடும். டீக்கடையில் மாஸ்டர் கையை உயரத் தூக்கி டீ ஆற்றுவது இதே வித்தைதான். அவருக்கு ஆற வேண்டும், நமக்கு ஆறக் கூடாது.

எனவே ஷவரைக் கீழே இறக்கினேன். பூவாளி மாதிரி பொடிப்பொடியாகத் தூவுவதைக் கழற்றிவிட்டு, ஓட்டைகள் கொஞ்சமாகவும் பெரிதாகவும் இருக்கும் கை ஷவரை மாட்டினேன். உடம்புக்கு ஒரு சாண் தூரத்தில் பிடித்தால், துளி காற்றில் இருக்கும் நேரமே இல்லை. மூன்று பக்கமும் தார்ப்பாய் கட்டியது மறைப்புக்கு மட்டுமல்ல. ஈரக் காற்றை வீசும் காற்று அடித்துக்கொண்டு போகாமல் இருந்தால், ஆவியாவது குறையும்.

சூட்டுக்கு ஏன் இவ்வளவு கவலை என்றால், இந்தக் கணக்கைப் பாருங்கள். ஒரு ஆள் குளிக்க 9 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதை இரண்டு மீட்டர் தூக்க 180 ஜூல் போதும். 12 டிகிரியிலிருந்து 39 டிகிரிக்குச் சூடாக்க 10 லட்சம் ஜூல் வேண்டும்! பம்பு தின்னும் மின்சாரம் பேட்டரிக்குத் தெரியவே தெரியாது. ஆனால் அதே பேட்டரியில் ஹீட்டர் போட்டால், 12 வோல்ட், 100 ஆம்பியர் மணி பேட்டரியில் கிட்டத்தட்ட கால்வாசி ஒரே குளியலில் காலி. கேஸ் அடுப்பில், பாதி வெப்பம் வீணானாலும், 45 கிராம் எரிவாயுதான் ஆகும். 5 கிலோ சிலிண்டரில் நூறு குளியல் தாராளமாக வரும். என் கட்சி அடுப்புதான். ஆனால் அடுப்பு வெளியில் இருக்கட்டும். மூடிய டிரெய்லருக்குள் எரித்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை, உயிரை எடுத்துவிடும்.

தெர்மாமீட்டர் இல்லாமல் விளாவ மலையே ஒரு வழி தருகிறது. கடல் மட்டத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், காற்றழுத்தம் குறைந்த இந்த உயரத்தில் 93 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். கொதித்தது ஒரு பங்கு, 12 டிகிரி பச்சைத் தண்ணீர் இரண்டு பங்கு சேர்த்தால் 39 டிகிரி. மூன்று லிட்டர் கொதிக்க வைத்து, ஆறு லிட்டரில் ஊற்றினால் தீர்ந்தது. பச்சைத் தண்ணீரை முதலில் ஊற்ற வேண்டும். கொதிநீர் நேரே பட்டால் சின்ன பம்புகளின் பிளாஸ்டிக் தாங்காது. அப்புறம், தண்ணீர் தீர்ந்ததும் பம்பை உடனே நிறுத்த வேண்டும். தண்ணீர்தான் அதைக் குளிர வைக்கிறது. பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஒரு ஃபியூஸ் போட்டுவிடுங்கள்.

இன்னொன்று, எடை. டிரெய்லரின் தண்ணீர் டேங்கில் 40 லிட்டர் என்றால் 40 கிலோ. பாதி நிரம்பிய டேங்க் இன்னும் மோசம்: வத்தலக்குண்டு மலைச்சாலையின் ஒவ்வொரு வளைவிலும் தண்ணீர் ஒரு பக்கமாகச் சாய்ந்து டிரெய்லரையும் இழுக்கும். டேங்கர் லாரிக்குள் தடுப்புத் தகடுகள் வைப்பதும் உள்ளே இருப்பது அலைபாய்வதைக் குறைக்கத்தான். நான் காலி டேங்கோடு ஏறி, மேலே வந்துதான் நிரப்புகிறேன்.

குளித்த தண்ணீரை எங்கே விடுவது? வயலுக்குக் கீழே ஓடை இருக்கிறது. அதில் நீண்ட கால்களை விரித்துக்கொண்டு தண்ணீர் மேலேயே சறுக்கி ஓடும் பூச்சிகளைப் பார்த்திருப்பீர்கள். கால் படும் இடத்தில் தண்ணீரின் தோல் லேசாகக் குழியும், கிழியாது. அதுதான் பரப்பு இழுவிசை. சோப்பு அந்த இழுவிசையைத் தளர்த்துகிறது. அழுக்கை நீக்க அதுவும் உதவுகிறது. ஆனால் சோப்புத் தண்ணீர் ஓடையில் கலந்தால் பூச்சிக்குக் கால் ஊன்ற இடமில்லாமல் மூழ்கிவிடும். மண்ணுக்குள் விட்டால் அங்குள்ள நுண்ணுயிர்கள் சோப்பை மெல்லச் சிதைத்துவிடும்.

"பாத்தியிலயும் விட்றாதப்பா" என்றார் பாட்டி. ஓடையிலிருந்து எண்பது தப்படி தள்ளி, வேலியோரம் முழங்கால் ஆழத்துக்கு ஒரு குழி எடுத்துக் கொடுத்ததும் அவர்தான். ஒன்பது லிட்டரையும் அது சத்தமில்லாமல் குடித்துவிடுகிறது.